எண்ணறிவு விலைப்பொருளாகலாகாது

(வடபகுதிக் கிராமமொன்றின் சனசமூக நிலைய ஆண்டு விழாவில் ஆற்றப்பட்ட உரை)



மேடையேறினால் நாம் வழக்கமாகப் பேசுவன மொழியுரிமை, நிலவுரிமை, ஆட்சியுரிமை என்பனவாகும். இன்று ஒரு பிள்ளையின் அருகிலே அமர்ந்து அதற்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பது பற்றிப் பேச வந்துள்ளோம். "இது வாத்தியார் வேலையன்றோ? இதிலே அரசியலுக்கு என்ன இடம்?" என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். ஒரு பொருள் எல்லோருக்கும் உரியது என்று சட்டம் கூற, நடைமுறையிலே பணமுள்ளவனுக்கு மாத்திரம் அது கிட்டுமாயின், அதைவிடப் பெரிய அரசியற் பிரச்சினை வேறு எது? எமது மக்களின் தலைவராயிருந்த செல்வநாயகம் அவர்கள் சட்டத்துறைக்கு வருமுன் கொழும்பிலே ஆசிரியராகப் பணியாற்றியவர். சுந்தரலிங்கம் அவர்கள் இலங்கைச் சர்வகலாசாலைக் கல்லூரியிலே கணிதப் பேராசிரியராக இருந்தவர். கரும்பலகைக்கும் அரசியலுக்கும் இடையே எமது முன்னோர் மதில் எழுப்பியதில்லை. நாமும் எழுப்ப வேண்டியதில்லை.

இலவசக் கல்வியும் விலைக் கல்வியும்

பாலர் வகுப்பு முதல் சர்வகலாசாலை வரை கல்விக்குக் கட்டணமில்லை என்னும் ஏற்பாடு இந்நாட்டில் 1945ஆம் ஆண்டிலே நடைமுறைக்கு வந்தது. கன்னங்கரா அவர்களின் தலைமையில் அமைந்த கல்விக் குழு 1943ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கையே அதற்கு அடிப்படை. தென்னாசியாவிலே வேறெந்த நாடும் அக்காலத்தில் இத்துணை துணிவுடன் இக்காரியத்தைச் செய்ததில்லை என்றால் மிகையாகாது. கூலிவேலை செய்வோரின் பிள்ளைகளும் மீன்பிடிப்போரின் பிள்ளைகளும் வைத்தியராகவும் பொறியியலாளராகவும் வந்தது அந்த ஏற்பாட்டின் பயன்.

பின்னர் நிகழ்ந்தவற்றையும் நாம் மறந்துவிடலாகாது. 1970ஆம் ஆண்டுக்குப் பின் சர்வகலாசாலை அனுமதியிலே தரப்படுத்தல் புகுந்தது. பேராதனைப் பொறியியற் பீடத்துக்குச் சிங்களமொழி மூலம் எழுதியவருக்கு 227 புள்ளி போதும், தமிழ்மொழி மூலம் எழுதியவருக்கு 250 புள்ளி வேண்டும் என்ற நிலை உண்டாயிற்று. 1974இல் மாவட்டப் பங்கீடும் சேர்ந்தது. அப்பங்கீட்டினால் பின்தங்கிய மாவட்டங்களின் பிள்ளைகள் சிலர் நன்மை பெற்றனர் என்பதை நாம் மறுக்கவில்லை. தமிழ்ப் பிள்ளைகளும் அவர்களுள் இருந்தனர். ஆயினும் ஒற்றைப் புள்ளியிலே வாழ்வு தங்கியிருக்கிறது என்னும் அச்சம் எமது வீடுகளில் அன்று குடிபுகுந்தது. இன்றுவரை அது வெளியேறவில்லை. அந்த அச்சத்தின் நிழலிலேதான் தனியார் கல்வி நிலையங்கள் சந்திக்குச் சந்தி பெருகின.

அந்நிலையங்களில் கற்பித்தவர்களை நாம் இகழ வரவில்லை. போர்க்காலத்திலே பாடசாலைக் கட்டடங்கள் இடிந்து கிடந்தபோது கிடுகுக் கொட்டில்களிலே வகுப்பு நடத்தியவர்கள் அவர்கள். மின்சாரமில்லாத காலத்திலே குப்பி விளக்கின் ஒளியிலே எமது பிள்ளைகள் படித்துச் சித்தியெய்தினார்களென்றால் அந்தப் பெருமையில் அவர்களுக்கும் பங்குண்டு. போர் 2009இல் முடிந்தது, கொட்டில்கள் மண்டபங்களாயின. மண்டபத்திலே நூறு பிள்ளைகள், இருநூறு பிள்ளைகள், முன்னே ஓர் ஆசிரியர், கையிலே ஒலிவாங்கி. கணக்கைப் பலகையில் விரைவாகச் செய்து காட்டுகிறார். பிள்ளைகள் விரைவாகப் பார்த்தெழுதுகிறார்கள். விளங்கிய பிள்ளைக்கு அது நல்ல பயிற்சியாகலாம். விளங்காத பிள்ளை கையை உயர்த்தி "எனக்கு விளங்கவில்லை" என்று சொல்வதற்கு அந்த மண்டபத்திலே இடமுண்டா? ஆண்டு முழுவதும் பணம் கட்டியும் ஒரு கேள்விகூடக் கேட்காமல் வீடு திரும்பும் பிள்ளைகள் எத்தனை பேர் என்பதை இங்குள்ள தாய்மார்கள் நன்கறிவார்கள்.

அதற்கு மேலும் ஒரு கொடுமை உண்டு. பாடசாலையிலே காலையில் சொல்லப்படாத விளக்கம் மாலையில் கட்டணத்துக்குச் சொல்லப்படுமாயின், இலவசக் கல்வியை முன்வாசலால் கொடுத்துப் பின்வாசலால் விற்கிறோம் என்பதே பொருள். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியிலே மேல் மாகாணத்திற் காகிதமின்றித் தவணைப் பரீட்சைகள் பிற்போடப்பட்டன. அந்நாட்களில் அப்பியாசக் கொப்பி வாங்கவே திண்டாடிய குடும்பம் வகுப்புக் கட்டணத்தை எங்கிருந்து கட்டியிருக்கும்?

கணிதம் படிக்கட்டுப் போன்றது

ஏனைய பாடங்களிலே ஒரு பகுதியைத் தவறவிட்ட பிள்ளை அடுத்த பகுதியிலே தேறிக்கொள்ளலாம். சரித்திரத்திலே சோழர் காலத்தைப் படியாதவன் ஒல்லாந்தர் காலத்தைப் படிப்பதற்குப் பெருந்தடையில்லை. கணிதம் அப்படிப்பட்டதன்று. இடப்பெறுமானம் விளங்காதவனுக்குத் தசமம் விளங்காது. பின்னம் விளங்காதவனுக்கு வீதம் விளங்காது. வீதம் விளங்காதவனுக்கு வட்டிக் கணக்கு விளங்காது. காய்ச்சலாலோ, இடம்பெயர்வாலோ, ஆசிரியர் இல்லாமையாலோ எட்டு வயதிலே விடுபட்ட ஒரு படி, பதினாறு வயதிலே பரீட்சை மண்டபத்தில் அவனை விழுத்துகிறது. விழுந்த பிறகு "இவனுக்குக் கணக்கு மூளை இல்லை" என்று தீர்ப்புக் கூறிவிடுகிறோம். விசாரணையின்றி வழங்கப்பட்ட தீர்ப்பு அது; எந்த நீதிமன்றிலும் நிலைக்காது.

இதிலே கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. விடுபட்ட படி எல்லாப் பிள்ளைக்கும் ஒன்றாக இருப்பதில்லை. நாற்பது பிள்ளைகள் ஒரு வகுப்பில் இருந்தால் நாற்பது இடங்களிலே ஓட்டை இருக்கக்கூடும். பொதுவாக ஊற்றப்படும் தண்ணீர் அந்த ஓட்டைகளை அடைக்காது. பக்கத்திலே ஒருவர் அமர்ந்து, அந்தப் பிள்ளை கணக்குச் செய்வதைக் கண்ணாற் பார்த்து, "இதை எப்படிச் செய்தாய், சொல்லு" என்று கேட்டால் மாத்திரமே ஓட்டை எங்கே என்பது தெரியவரும். ஒருவருக்கு ஒருவர் கற்பிப்பது கணிதத்துக்கு இன்றியமையாதது என்று நாம் கூறுவதற்குக் காரணம் இதுவே.

வயதுக்கேற்ற வழி

ஏழு, எட்டு வயதுப் பிள்ளையிடம் "இருநூற்று ஐந்து" எழுதச் சொல்லுங்கள். சில பிள்ளைகள் 2005 என்று எழுதும். அது மடைமை அன்று. காதிலே கேட்டபடி இருநூறையும் எழுதி, ஐந்தையும் எழுதியிருக்கிறது. எமது மொழியிலே தொண்ணூறு என்பதிலே நூறும், தொள்ளாயிரம் என்பதிலே ஆயிரமும் ஒலிக்கின்றன. அதுவும் சிறு பிள்ளையை மயக்கக்கூடும். பத்துப் புளியங்கொட்டையை ஒரு சிரட்டையிலும், பத்துச் சிரட்டையை ஓர் ஓலைப்பெட்டியிலும் வையுங்கள். இரண்டு பெட்டி, சிரட்டை ஒன்றுமில்லை, தனிக் கொட்டை ஐந்து. அந்த "ஒன்றுமில்லை" என்பதைத்தான் நடுவிலுள்ள பூச்சியம் சொல்கிறது என்று பிள்ளை தானே கண்டுகொள்ளும். இதற்குச் செலவு ஒரு சதமும் இல்லை.

பத்து, பதினொரு வயதிலே பின்னம் வருகிறது. அரையையும் மூன்றிலொன்றையும் கூட்டச் சொன்னால், தொகுதியோடு தொகுதியையும் பகுதியோடு பகுதியையும் கூட்டி ஐந்தில் இரண்டு என்று எழுதிவிடும் பிள்ளைகள் ஏராளம். உடனே "பிழை" என்று சிவப்புக் கோடு போடுவதால் ஒரு பயனுமில்லை. "அரைப் பரப்பிலே வெங்காயம் நட்டோம், மேலும் மூன்றிலொரு பரப்பிலே மிளகாய் நட்டோம். நட்ட நிலம் முழுவதும் அரைப் பரப்பைவிடக் குறைவாக இருக்குமா?" என்று கேளுங்கள். ஐந்தில் இரண்டு அரையைவிடச் சிறியது என்பதைக் கண்டதும் பிள்ளை திகைக்கும். அந்தத் திகைப்பிலேதான் அறிவு பிறக்கிறது. காணி உறுதிகளிலே நாம் எழுதும் கணக்குப்படி ஒரு பரப்புக்கு 18 குழி. அரைப் பரப்பு 9 குழி. மூன்றிலொன்று 6 குழி. கூட்டினால் 15 குழி. அதாவது ஆறில் ஐந்து பரப்பு. பொதுப்பகுதி காண்பதன் பொருள் கமக்காரன் பிள்ளைக்குக் காணியிலேயே கிடைத்துவிட்டது.

பின்னர் அட்சரகணிதம் வருகிறது. "சயவும் சயவும் சக" என்று ஒரு வாக்கியத்தை மனனம் செய்துகொண்ட பிள்ளை, சய மூன்றையும் சய ஐந்தையும் கூட்டச் சொன்னால் சக எட்டு என்று விடை எழுதும். பெருக்கலுக்குரிய விதியைக் கூட்டலிலே கொண்டுபோய் வைத்துவிட்டது. கடையிலே மூன்று ரூபா கடன்; மறுநாள் ஐந்து ரூபா கடன்; இப்போது கையிருப்பு எட்டு ரூபாவா, கடன் எட்டு ரூபாவா என்று கேட்டால் போதும். இன்னொன்று: இரண்டு எண்களின் கூட்டுத்தொகையை வர்க்கிக்கும்போது, தனித்தனியே வர்க்கித்துக் கூட்டிவிடுவது. பத்து முழச் சதுரப் பாத்தியை இருபக்கமும் மும்மூன்று முழம் பெருப்பித்தால் பதின்மூன்று முழச் சதுரமாகும், பரப்பளவு 169. பிள்ளையின் கணக்கிலோ நூறும் ஒன்பதும் சேர்ந்து 109. மீதி 60 எங்கே? ஓரத்திலே முப்பது முப்பதாக இரண்டு நீள்துண்டுகள் கிடக்கின்றன. மணலிலே கீறிக் காட்டினால் அந்த இரண்டு துண்டுகளையும் வாழ்நாள் முழுவதும் மறவாது.

பதினாறு வயதிலே சாதாரண தரப் பரீட்சை. இவ்வயதிலே கணிதத்துக்குள்ள பெரிய எதிரி வெட்கம். பதினாறு வயது இளைஞன் ஆறாம் வகுப்புப் பின்னம் தனக்குத் தெரியாது என்று நாற்பது பேர் முன்னிலையிலே ஒப்புக்கொள்வானா? ஒருவர் முன்னிலையிலே, அவர் சிரிக்கமாட்டார் என்று தெரிந்தால், ஒப்புக்கொள்வான். கடந்தகால வினாத்தாள்களைக் குவித்துக்கொண்டு தொடங்குவது வீண். இரண்டு மூன்று வகுப்புப் பின்னே போய், அவன் உறுதியாக நிற்கக்கூடிய படியைக் கண்டு, அங்கிருந்து ஏற்றுவதே குறுக்குவழி. அரச பதவிகள் பலவற்றுக்குக் கணிதத்திலே திறமைச் சித்தி கேட்கப்படுவதை நீங்கள் அறிவீர்கள். ஒரு பாடத்திலே விழுந்தமையால் எத்தனை இளைஞரின் வழி அடைபடுகிறது என்பதை எண்ணிப்பாருங்கள்.

வளர்ந்தவர்களையும் நாம் விட்டுவிடலாகாது. நுண்கடன் எமது பெண்களைப் படுத்திய பாடு எல்லோரும் அறிந்தது. வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களிலே பெண்கள் பெற்ற கடன்களிற் சிலவற்றை 2018இல் அரசாங்கமே தள்ளுபடி செய்ய நேர்ந்தது. ஓர் இலட்சம் ரூபா கடன், ஆண்டுக்கு 24 வீத வட்டி, பன்னிரண்டு தவணை என்கிறார்கள். முழு முதலுக்கும் முழு ஆண்டுக்கும் வட்டியைக் கூட்டி 124,000 ரூபாவைப் பன்னிரண்டாகப் பிரிக்கிறார்கள். மாதந்தோறும் முதல் குறைந்து வருகிறதே, குறைந்த முதலுக்கும் முழு வட்டியா என்று கேட்பாரில்லை. சரியாகக் கணக்கிட்டால் உண்மையான வட்டி ஆண்டுக்கு 40 வீதத்துக்கும் மேல். மாதம் நூற்றுக்கு ஐந்து வட்டிக்கு வாங்கிய கடனோ, வட்டிக்கு வட்டி ஏறினால் ஓர் இலட்சம் ஓராண்டிலே ஏறக்குறைய ஒரு இலட்சத்து எண்பதாயிரமாகிவிடும். கையொப்பமிடுமுன் இக்கணக்கைச் செய்யத் தெரிந்த தாய், நீதிமன்றப் படியேறி எம்மிடம் வரவேண்டிய தேவை குறைந்துவிடும். மகளுக்கு வீதக் கணக்குச் சொல்லிக்கொடுக்கும்போது தாயும் பக்கத்திலே அமரட்டும்.

திண்ணையிலிருந்து இலண்டன் வரை

ஒருவருக்கு ஒருவர் கற்பிப்பது எமக்குப் புதியதன்று. திண்ணைப் பள்ளியிலே ஐந்து வயதுப் பிள்ளையும் பன்னிரண்டு வயதுப் பிள்ளையும் ஒரே திண்ணையில் இருந்தனர். ஆளுக்கொரு பாடம்; ஒன்றை முடித்தவன் அடுத்ததற்குப் போனான். மூத்த மாணவனாகிய சட்டாம்பிள்ளை இளையோருக்குச் சொல்லிக்கொடுத்தான். முந்திரி என்னும் முந்நூற்றிருபதிலொன்று முதலாகப் பின்ன வாய்பாடுகளை எண்சுவடி கொண்டு பயின்றனர். ஆங்கிலக் கல்வி வந்த பின்னும் எமது மண்ணிலே கணிதம் தாழவில்லை. 1823இல் வட்டுக்கோட்டையிலே தொடங்கிய செமினரியில் அது முக்கிய பாடமாயிருந்தது. அங்கே பயின்ற கறோல் விசுவநாதபிள்ளை அவர்கள் வீசகணிதம் என்னும் நூலைத் தமிழிலேயே எழுதி 1855இல் வெளியிட்டார்.

அந்திரூ பெல் என்னும் ஸ்கொத்லாந்துப் பாதிரியார் 1789 முதல் சென்னை எழும்பூரிலே படைவீரரின் அநாதைப் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினார். நாட்டுப் பள்ளியொன்றிலே பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டு அம்முறையைக் கைக்கொண்டார். ஆசிரியர் போதாமையால் மூத்த பிள்ளைகளைக் கொண்டே இளைய பிள்ளைகளுக்குக் கற்பிக்கச் செய்தார். 1797இல் இதனை இலண்டனிலே நூலாக வெளியிட்டார். "மதராஸ் முறை" என்னும் பெயருடன் அது இங்கிலாந்தெங்கும் பரவிற்று. பரவியபோது ஒன்று கெட்டது: நூற்றுக்கணக்கான பிள்ளைகளை ஒரே மண்டபத்தில் அடைத்துப் பட்டாளம்போல நடத்தும் மலிவான முறையாக அதை மாற்றிவிட்டார்கள். ஒருவர் பக்கத்தில் ஒருவர் இருந்த உயிர் போயிற்று. இன்றைய எமது மண்டபங்களைப் பார்க்கும்போது அந்தச் சரித்திரம் நினைவுக்கு வருகிறது.

பழைமையைப் புகழும்போது அதன் களங்கத்தையும் சொல்லியே தீரவேண்டும். அந்தத் திண்ணை எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை. ஒடுக்கப்பட்ட சாதியாரின் பிள்ளைகள் அதில் ஏற முடியவில்லை. பெண்பிள்ளைகளும் பெரும்பாலும் ஏறவில்லை. 1930ஆம் ஆண்டளவிலே யாழ்ப்பாணப் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளும் சமமாக வாங்கிலிலே அமரலாம் என்று விதி வந்தபோது அதை எதிர்த்துப் பாடசாலைகளுக்குத் தீ வைத்தவர்கள் இருந்தார்கள். அது எமது வரலாற்றிலே அழியாத கறை. இன்று நாம் அமைக்கும் திண்ணையிலே யார் பக்கத்தில் யார் அமர்வது என்ற கேள்வி ஒருவர் வாயிலிருந்து எழுந்தாலும் அந்தத் திண்ணையை இடித்துவிடுவதே மேல்.

சாட்சியம் என்ன கூறுகிறது?

வழக்கறிஞராகிய நாம் சாட்சியமின்றிப் பேசலாகாது. அமெரிக்காவிலே சிக்காகோச் சர்வகலாசாலைப் பேராசிரியர் பெஞ்சமின் புளூம் 1984இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். தனியே ஒருவரிடம் பயின்ற சராசரி மாணவன், வழமையான வகுப்பிலே பயின்ற மாணவர் நூற்றுவரில் தொண்ணூற்றெண்மரை விஞ்சினான் என்பது அதன் செய்தி. பின்வந்த ஆராய்ச்சிகள் அத்துணை பெரிய பயனைக் காணவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சாட்சியத்தை மிகைப்படுத்தினால் வழக்குத் தோற்கும். எனினும் 2020இல் அறிஞர் மூவர் 96 பரிசோதனைகளை ஒன்றுசேர்த்து ஆராய்ந்தபோது, தனிக் கற்பித்தல் கணிசமான பயனைத் தருகிறது என்பதே முடிவாயிற்று. அதிலும் பெற்றோர் தற்செயலாகச் சொல்லிக்கொடுப்பதைவிட, ஆசிரியரோ பயிற்சி பெற்றவரோ ஒழுங்காகக் கற்பிப்பது மிகுந்த பயன் தந்தது.

எமக்கு அண்மையிலும் ஒரு சான்றுண்டு. இந்தியாவிலே வடோதரா, மும்பாய் ஆகிய நகரங்களில் பின்தங்கிய பிள்ளைகளைப் பாடசாலை நேரத்திலேயே சிறு குழுவாகப் பிரித்து, அவ்வூர் இளம் பெண்களைக் கொண்டு அடிப்படை எழுத்தும் எண்ணும் கற்பித்தனர். அப்பெண்கள் பட்டதாரிகள் அல்லர். உயர்வகுப்பு வரை படித்தவர்கள். பிள்ளைகள் தெளிவாக முன்னேறினர் என்பதை 2007இல் வெளியான ஆய்வு காட்டிற்று. அவ்வாய்வாளருட் சிலராகிய பானர்ஜி, டுப்ளோ ஆகியோர் 2019இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்றோருள் அடங்குவர். இதிலிருந்து நாம் அறிவது யாது? கற்பிப்பவர் பேரறிஞராயிருக்க வேண்டியதில்லை. பிள்ளை நிற்கும் படியிலே இறங்கி நிற்க மனமுள்ளவராயிருக்க வேண்டும்.

செய்ய வேண்டியது

ஆதலால் நாம் கேட்பது ஒன்றே. இச்சனசமூக நிலையத்திலே வாரத்துக்கு மூன்று மாலை, ஒவ்வொரு மாலையும் முக்கால் மணித்தியாலம், ஒரு பிள்ளைக்கு ஒருவர் என்னும் ஒழுங்கை ஏற்படுத்துங்கள். ஆள் போதாவிட்டால் ஒருவருக்கு இரண்டு பிள்ளை; அதற்கு மேல் வேண்டாம்.

உயர்தர வகுப்பிலே படிக்கும் இளைஞரும் யுவதிகளும் பத்து வயதுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கட்டும். இதனால் தமது நேரம் வீணாகும் என்று அவர்கள் அஞ்ச வேண்டியதில்லை. பின்னத்தை ஒரு சிறுவனுக்கு விளங்கவைக்க முயன்றவனுக்கே பின்னம் முழுமையாக விளங்கும். சர்வகலாசாலை மாணவர் விடுமுறையிலே சாதாரண தரப் பிள்ளைகளை ஏற்கட்டும். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் கற்பிப்போரைப் பயிற்றுவித்து மேற்பார்வை செய்யட்டும். வைத்தியரும் பொறியியலாளரும் எழுதுவினைஞரும் வாரத்தில் ஒரு மாலையைத் தரட்டும். எம்முடன் தொழில்புரியும் சட்டத்தரணிகளுக்கும் இதே வேண்டுகோள். கமக்காரர் தருவதற்கு ஒன்றுமில்லை என்று எண்ண வேண்டாம். அளவும் நிறையும் விலையும் நாள்தோறும் கையாளுபவர் அவர். சந்தைக் கணக்கை மனத்தாற் செய்வது எப்படி என்பதைப் பிள்ளைகளுக்கு அவரைப்போல் யார் காட்டுவார்?

சில விதிகளை எழுதி நிலையத்துச் சுவரிலே தொங்கவிடுங்கள். பென்சில் பிள்ளையின் கையிலே இருக்க வேண்டும். கற்பிப்பவர் கையிலே அன்று. விடையைச் சொல்லாதீர்கள், வழியைக் கேளுங்கள். சரியான விடைக்கும் "எப்படி வந்தது?" என்று கேளுங்கள், ஏனெனில் பிழையான வழியிலும் சரியான விடை சில வேளை வந்துவிடும். வாய்பாட்டைப் பாராமற் சொல்லப் பழக்குங்கள்; விளக்கம் வேண்டும் என்பதற்காக மனனத்தைப் பழிக்க வேண்டாம். பிரம்பு உள்ளே வரலாகாது. எல்லோரும் காணக்கூடிய திறந்த விறாந்தையிலேயே கற்பித்தல் நடைபெற வேண்டும். பொறுப்பான பெரியோர் இருவராவது எப்பொழுதும் அங்கே இருக்க வேண்டும். எந்தப் பிள்ளையும் தனியறையிலே ஒருவருடன் இருக்கலாகாது. பணம் வாங்கலாகாது, அன்பளிப்பும் வாங்கலாகாது. கட்சிப் பேச்சும் அங்கே வேண்டாம். எமது கட்சிப் பேச்சும் வேண்டாம்.

ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கொப்பி வையுங்கள். எந்தப் படி விடுபட்டிருந்தது, எப்பொழுது கண்டுபிடிக்கப்பட்டது, எப்பொழுது நிரப்பப்பட்டது என்பதைத் திகதியுடன் எழுதுங்கள். அதன் பயனைப் பின்னர் சொல்கிறோம்.

அரசாங்கத்தின் பொறுப்பு

"நாமே கற்பித்துவிட்டால் அரசாங்கம் தன் கடமையிலிருந்து தப்பிவிடாதா?" என்று ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். இதனை நாம் அலட்சியம் செய்யவில்லை. வன்னியிலும் மலையகத்திலும் கணித ஆசிரியரின்றிப் பாடசாலைகள் தவிக்கின்றன என்ற முறைப்பாடு நெடுங்காலமாக ஒலிக்கிறது. அதைத் தீர்ப்பது தொண்டர்களின் வேலையன்று, அரசின் கடமை. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாந் திருத்தம் கல்வியின் பெரும்பகுதியை மாகாணங்களுக்கு வழங்கிற்று. 2013இல் மக்கள் தேர்ந்தெடுத்த வடமாகாண சபையின் காலம் 2018இல் முடிந்தது. மக்களுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்ட சபையொன்றிடம் எமது பிள்ளைகளின் கல்விக்கு நாம் கணக்குக் கேட்க வேண்டும். அந்த உரிமைக் கோரிக்கையை நாம் ஒருபொழுதும் கைவிடமாட்டோம்.

ஆனால் வழக்கிலே வாதம் மாத்திரம் போதாது, ஆவணமும் வேண்டும். முன்னே சொன்ன கொப்பிகளின் பயன் அங்கேதான் இருக்கிறது. "எமது கிராமத்திலே இத்தனை பிள்ளைகள் இத்தனையாம் வகுப்பிலே இந்தப் படியைத் தவறவிட்டனர், அவ்வாண்டு அவர்களுக்கு இத்தனை மாதம் கணித ஆசிரியர் இருக்கவில்லை" என்று பெயர் மறைத்து, எண்ணிக்கையோடு அதிகாரிகள் முன் வைத்தால் அதை யாரும் வெறும் கூக்குரல் என்று தள்ளிவிட முடியாது. கோரிக்கை எழுப்பும் மக்கள் கணக்குத் தெரிந்த மக்களாயிருந்தால் ஆட்சியாளர் சற்று நிதானமாகவே பதில் சொல்வர்.

அதுவரை காத்திருக்கலாமா? இவ்வாண்டு எட்டு வயதாயிருக்கும் பிள்ளை அடுத்த ஆண்டு ஒன்பது வயதாகிவிடும். அரசியல் தீர்வு வரும்வரை அதன் வயது நின்றுகொண்டிராது. உரிமைக்காகப் போராடுவதும் பிள்ளைக்குக் கற்பிப்பதும் ஒன்றுக்கொன்று மாற்றல்ல, இரண்டு கைகள்.

அன்பர்களே! எமது நிலத்தை எடுத்தார்கள். எமது மொழிக்குரிய இடத்தை மறுத்தார்கள். எமது பிள்ளைகளின் புள்ளிகளுக்கு வேறு அளவுகோல் வைத்தார்கள். ஒரு பிள்ளையின் பக்கத்திலே அமர்ந்து முக்கால் மணித்தியாலம் செலவிடும் உரிமையை இதுவரை எவரும் எம்மிடமிருந்து பறிக்கவில்லை. அதை நாம் பயன்படுத்தாமல் விட்டால் பழியை யார்மேல் சுமத்துவது? இந்நிலையத்தின் பதிவேடு மேசைமேல் இருக்கிறது. கற்பிக்க விரும்புவோர் ஒரு பக்கத்திலும், கற்க விரும்பும் பிள்ளைகளின் பெற்றோர் மறுபக்கத்திலும் பெயரெழுதிவிட்டே இன்று வீடு திரும்ப வேண்டும் என்று கேட்டுக்கொண்டு, வரும் திங்கட்கிழமை மாலை முதல் வகுப்புக்கு நாமும் வந்து ஒரு பிள்ளையை ஏற்றுக்கொள்வோம் என்ற உறுதிமொழியுடன் விடைபெறுகிறோம்.